முதல் கிட்டார்: நைலானா, ஸ்டீலா, எத்தனை ரூபாய்க்கு?

11 ஜூன் 2023, காலை (கேள்வி)

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. லீவு முழுக்க கிட்டார், கிட்டார் என்று நச்சரித்து என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். வீட்டில் யாருக்கும் சங்கீத வாசனை கிடையாது. கடையில் இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் முப்பதாயிரம் வரை காட்டுகிறார்கள், எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. பட்ஜெட் ஆறாயிரம். நைலான் கம்பிதான் விரலுக்கு நல்லது என்கிறார் ஒருவர். ஸ்டீல் கம்பி இல்லாததெல்லாம் கிட்டாரே இல்லை என்கிறார் இன்னொருவர். இரண்டு மாதத்தில் மூலையில் சாத்திவிடுவாளோ என்ற பயமும் இருக்கிறது. எதை வாங்க?

11 ஜூன், இரவு (பதில்)

மூவாயிரத்துக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் அப்புறம் நல்லதாக வாங்கலாம். ஸ்டீலே போதும், சினிமாப் பாட்டுதானே வாசிக்கப் போகிறாள். விரல் வலிக்கும். மூன்று வாரத்தில் நுனி காய்த்துவிடும்.

12 ஜூன்

நேற்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். படுத்த பிறகுதான் உறைத்தது, 1997இல் என் அப்பா சொன்ன அதே வாக்கியத்தை நான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

கல்லூரி முதல் வருடம். தூத்துக்குடியில் பழைய கிட்டார் ஒன்று 900 ரூபாய்க்குக் கிடைத்தது. பார்க்க ஜோராக இருந்தது. கிட்டாரின் கழுத்துக்கு நெக் என்று பெயர், அதில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு ஃபிரெட். 12ஆவது ஃபிரெட்டில் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே பென்சிலை நுழைத்து எடுத்துக் காட்டுவான் ஹாஸ்டலில் என் அறை நண்பன், சர்க்கஸ் மாதிரி. அந்தக் கம்பியை அழுத்தி மரத்தோடு ஒட்ட வைப்பதற்குள் விரலில் பள்ளம் விழுந்துவிடும். எட்டு மாதம் முட்டினேன், எஃப் கார்ட் விழவே இல்லை. கார்ட் என்றால் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பிடி, எஃப் என்பது ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்துப் பிடிப்பது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கைக்கு ராசி இல்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். என்னோடு ஆரம்பித்த நாலு பேரில் மூன்று பேர் விட்டுவிட்டார்கள். அப்புறம் ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில், சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் அண்ணன் ஒருவர் தன் கிட்டாரை ஐந்து நிமிடம் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அதில் எஃப் விழுந்தது. அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள்.

ஆகவே மலிவான கிட்டாரில் ஆர்வத்தைச் சோதிப்பது, பிரேக் பிடித்துக்கொண்ட சைக்கிளைக் கொடுத்து ஓட்டிக் காட்டு என்பது போலத்தான். பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று பழி விழும். குற்றம் கம்பி உயரத்தில் இருக்கும்.

ஒரே ஒரு விஷயம் பாருங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். 12ஆவது ஃபிரெட் கம்பியின் தலைக்கும் தந்தியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. ஸ்டீல் கிட்டாரில் தடித்த ஆறாவது தந்திக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய முதல் தந்திக்கு இரண்டு. நைலானில் நாலும் மூன்றும். ஸ்டீலில் மூன்றரையைத் தாண்டினால் அப்படியே திருப்பிச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

கடைக்கு ஸ்கேல் கொண்டுபோக வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்திலிருந்து தள்ளித்தான் ஆரம்பிக்கும். ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். மூன்றை அடுக்கி ஆறாவது தந்திக்குக் கீழே நுழைத்தால் லேசாக உரச வேண்டும். ஐந்து கார்டு தாராளமாகப் போனால் எனக்குக் கிடைத்த கிட்டார்தான் உங்களுக்கும்.

13 ஜூன்

மூன்று ஏடிஎம் கார்டுக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்கள். பான் கார்டு, லைசென்ஸ் எல்லாம் ஏறக்குறைய அதே தடிமன்தான். எழுத்து புடைத்திருக்கும் பழைய கார்டு மட்டும் வேண்டாம், கணக்குத் தப்பும்.

15 ஜூன்

உயரமாக இருந்தால் குறைக்க முடியாதா? முடியும். கிட்டாரின் உடம்பில் தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டைக்கு சேடில் என்று பெயர். தந்திகளைத் தளர்த்தி அதை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்த்தால் உயரம் இறங்கும். அரை மில்லி இறங்க வேண்டுமென்றால் அரை மில்லி தேய்த்தால் சரி.

நான் இந்த வேலையை எங்கள் தெருவில் மரவேலை செய்யும் ஓர் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கட்டில் கால் ஆடினால் எப்படிச் சீவுவாரோ அப்படிச் சீவிக் கொடுத்தார். கொண்டுவந்து மீட்டினால் எல்லாத் தந்தியும் தகரக் கொட்டகையில் மழை பெய்வது போல் அதிர்கிறது. ஃபிரெட்டில் உரசுகிறது. வெட்டிய மரம் வளருமா? டவுன் பஸ் டிக்கெட் இரண்டை நாலாக மடித்து சேடிலுக்கு அடியில் கொடுத்தேன். சரியாகிவிட்டது. இன்றைக்கும் அதே டிக்கெட்டில்தான் ஓடுகிறது.

16 ஜூன்

நேற்று எழுதிய அளவு தப்பு. 12ஆவது ஃபிரெட் தந்தியின் நட்டநடுவில் இருக்கிறது. ஒரு முனையை எவ்வளவு இறக்குகிறோமோ அதில் பாதிதான் நடுவில் இறங்கும். அரை மில்லி குறைய வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மில்லி தேய்க்க வேண்டும். யாராவது தேய்க்க ஆரம்பித்திருந்தால், நல்ல வேளை, குறைவாகத்தான் தேய்த்திருப்பீர்கள்.

அண்ணாச்சிமேல் குறை சொன்னதையும் திருத்திக்கொள்கிறேன். எவ்வளவு சீவ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

19 ஜூன்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகளுக்கு கிட்டார் வாங்க மதுரை போயிருந்தோம். அவளுக்குப் பதினாலு வயது, ஆகவே இது உங்களுக்கும் ஆகும்.

சுவரில் ஏழெட்டு தொங்கின. நீல நிறத்தில் வெயில் பட்டு மின்னிய ஒன்றைத்தான் அவள் முதலில் கேட்டாள். விலை மூவாயிரத்துச் சொச்சம், பை, மீட்டுவதற்கான பிக், ஒரு செட் தந்தி எல்லாம் இலவசம். நெக்கின் ஓரமாக உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டச் சொன்னேன். ஏழாவது ஃபிரெட்டில் "ஸ்ஸ்" என்று கையை எடுத்தாள். ஃபிரெட் கம்பியின் முனை அரம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கார்டு போட்டேன், ஐந்து போனது. கடைக்காரர் என் பர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார், கார்டை எடுத்ததும் பணம் கட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

அடுத்தது யமஹா எஃப் 310. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடல், பத்தாயிரத்தை ஒட்டி வரும். அது கொண்டாடும்படியான கிட்டார் என்பதால் சொல்வதில்லை. பத்து எடுத்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் காரணம். மலிவு ரகத்திலும் நல்லது உண்டு, ஆனால் பத்தில் எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் கூட வர வேண்டும்.

சுருதி சோதனை சுலபம். 12ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல், விரலை ஒட்டியும் ஒட்டாமலும் வைத்து மீட்டி உடனே விரலை எடுத்தால் மணி அடித்த மாதிரி ஒரு நாதம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் அதே ஸ்வரம் வர வேண்டும். போனில் சுருதி காட்டும் இலவச டியூனர் போட்டுப் பார்த்தாலே தெரியும். தந்தி உயரமாக இருந்தால் அழுத்தும்போது இழுபட்டு ஸ்வரம் ஏறிவிடும். அப்புறம் ஆறு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்திக்கொண்டே போகவும். பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் முகம் மாறும். மாறட்டும்.

கூட வந்த அக்கா வீணை வாசிப்பவர். நான் ஈ மேஜர் என்ற பிடியைப் போட்டதும், "காந்தாரம் தூக்கலா இருக்கேடா, இது கெட்டுப்போனதா?" என்றார். காது என்றால் அது காது. கிட்டாரில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியிருக்கிறார்கள். சுத்தமான அந்தர காந்தாரத்தோடு ஒப்பிட்டால், ஒரு அரை ஸ்வர இடைவெளியை நூறாகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ 14 பங்கு இது தூக்கல். எந்த விலை கிட்டாரிலும் இப்படித்தான். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த பிள்ளை சுருதி சேரவில்லை என்று புகார் சொன்னால், கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பாதீர்கள்.

அக்கா விடவில்லை. "வீணையில் மெழுகை இளக்கி மெட்டைத் தள்ளி வைத்துக்கொள்வோம், இதில் முடியாதா?" முடியாது. வீணையின் 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன, மேளம் கட்டுபவர் காதால் கேட்டு நகர்த்துவார். கிட்டாரில் மரத்தைக் கீறி அடித்து இறக்கியிருக்கிறார்கள். ஆகவே தொழிற்சாலையில் தப்பாக அடித்திருந்தால் ஆயுளுக்கும் தப்புதான். வாங்கும் நாளிலேயே எல்லா ஃபிரெட்டையும் அழுத்திப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

20 ஜூன்

கடைசியில் எதை வாங்கினோம் என்று சொல்லவே இல்லை. எஃப் 310ஐ மடியில் வைத்ததும் அவள் வலது தோள் காதுவரை ஏறிவிட்டது. இடுப்பு அகலமான அந்த வடிவத்துக்கு டிரெட்நாட் என்று பெயர். சின்ன உடம்புக்காரர்கள் அதன்மேல் கையைப் போட்டால் ஆட்டுக்கல்லைக் கட்டிப்பிடித்த மாதிரி இருக்கும். அதே யமஹாவில் உடல் சிறுத்த எஃப்எஸ் வகையில் ஒன்றைக் கொடுத்தார்கள், தோள் தானாக இறங்கியது. கார்டு நாலு போனது. "ஒரு கார்டு அளவு இறக்கிக் கொடுங்கள்" என்றேன், உள்ளே போய் அரை மணி நேரத்தில் செய்து கொண்டுவந்தார்கள், கூடுதல் பணம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

டிரெட்நாட் என்பது 1906இல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர். பத்து வருடம் கழித்து அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி பெரிய வயிற்றோடு ஒரு கிட்டார் செய்தபோது அந்தப் பெயரை வைத்தது. தூத்துக்குடிக்காரன் 1906 என்று கேட்டுவிட்டுச் சும்மா போக முடியாது. வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்த வருடமும் அதுதான். அந்தப் பெயரில் ஒரு கிட்டார் வந்திருந்தால் எவ்வளவு கடனாவது வாங்கி வாங்கியிருப்பேன்.

2 ஜூலை

மகள் இடது கைக்காரி என்பதை மூன்று வாரம் கழித்துச் சொல்கிறீர்கள்! சாம்பார் கொதித்து இறக்கியபின் வீட்டில் பருப்பு இல்லை என்று சொல்வது மாதிரி.

பதற வேண்டாம். ஒரு துடைப்பத்தைக் கையில் கொடுத்து "கிட்டார் வாசிக்கிற மாதிரி நடி" என்று சொல்லுங்கள். (வெள்ளிக்கிழமை வேண்டாம், வீட்டில் பாட்டி இருந்தால் திட்டுவார்.) யோசிக்காமல் எந்தப் பக்கமாகப் பிடிக்கிறாளோ அதுதான் அவள் பக்கம். இடது கையால் எழுதுபவர்களில் பலர் வழக்கமான கிட்டாரையே வாசிக்கிறார்கள். தந்தியை அழுத்தும் கடினமான வேலை இடது கைக்குத்தானே, அவர்களுக்கு அது சௌகரியம்கூட. துடைப்பம் திரும்பித்தான் நிற்கிறது என்றால் இடது கை கிட்டார் வாங்க வேண்டியதுதான். நம் ஊர்க் கடைகளில் மாடல் குறைவு, ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க நேரலாம்.

வலது கை கிட்டாரில் தந்தியை மட்டும் தலைகீழாக மாட்டித் தரலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஸ்டீல் கிட்டாரில் சேடில் சாய்வாக இருக்கும், நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் தாண்டிப் போகும் பட்டையான நட்டில் உள்ள காடிகளும் தந்தியின் தடிமனுக்கு ஏற்ப வெட்டியவை. தலைகீழாக்கினால் எந்த ஃபிரெட்டிலும் சுருதி நிற்காது.

4 ஜூலை

துடைப்பத்தை எல்லாரையும்போல் பிடித்தாளா? சரி, பிரச்சினை தீர்ந்தது.

9 ஜூலை

நைலானா ஸ்டீலா என்ற உங்கள் முதல் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. முதல் நாள் வாய்க்கு வந்தபடி ஸ்டீல் என்றேன்.

நைலான் விரலுக்கு மெத்து, உண்மைதான். ஆனால் அந்த கிட்டாரின் நெக் அகலம். யமஹா சி 40இல் நட்டின் அகலம் 52 மில்லிமீட்டர், எஃப் 310இல் 43தான். குட்டைக் கைக்காரர்களுக்கு விரல் நுனியில் மிச்சமான வலி மணிக்கட்டில் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு என்றே சிஎஸ் 40 இருக்கிறது, தந்தியின் நீளம் 650க்குப் பதில் 580. பதின்மூன்று வயதுக் கைக்கு அதையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். நைலான் புதிதாக மாட்டினால் நாலைந்து நாள் நீண்டுகொண்டே இருக்கும், தினமும் சுருதி இறங்கும். கிட்டார் பழுது என்று பயப்படாதீர்கள்.

மெலடியாக ஒவ்வொரு தந்தியாக மீட்ட ஆசையா, பாடிக்கொண்டே மொத்தமாக அடிக்க ஆசையா என்று அவளிடமே கேளுங்கள். முதலாவதென்றால் நைலான், இரண்டாவதென்றால் ஸ்டீல். எண்பதுகளின் அந்த நிலாப் பாட்டுதான் வேண்டும் என்பாள், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அது முதல் வருடத்தில் வராது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடவும்.

இரண்டையும் கலக்க மட்டும் கூடாது. என் நண்பன் ஒருவன் நைலான் கிட்டாரில் சத்தம் போதவில்லை என்று ஸ்டீல் தந்தி மாட்டினான். நைலான் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். சாதாரண ஸ்டீல் செட் 70 கிலோவைத் தாண்டும். மே மாதம், மத்தியானம், எல்லாரும் தூக்கத்தில். பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் கழன்று பறந்து எதிர்ச்சுவர்க் காலண்டரில் அடித்திருந்தது. அதை அறுபதடி தூரம் என்று இன்றைக்கும் சொல்வான். அந்த அறையின் நீளமே பன்னிரண்டடி.

21 ஆகஸ்ட்

"முழு மரமா, பிளைவுட்டா?" ஆறாயிரம், எட்டாயிரத்துக்கு அநேகமாக எல்லாமே மரத்தாள்களை ஒட்டியதுதான், லாமினேட் என்பார்கள். எஃப் 310ம் அப்படித்தான். மேல்பலகையாவது முழு மரமாக வேண்டுமென்றால் எஃப்ஜி 800 போன்ற அடுத்த படிக்குப் போக வேண்டும். நாதம் நிச்சயமாகத் திறக்கும். ஆனால் முதல் கிட்டாருக்கு அவசியமில்லை என்பேன். முழு மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் வெடிக்கும். லாமினேட் தாங்கும்.

கண்டுபிடிக்க, நடுத் துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை விளிம்பில் அப்படியே மடிந்து இறங்கினால் முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் லாமினேட். என்னுடைய 900 ரூபாய் கிட்டாரில் விளிம்புக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறது, பார்க்க முடியாது. முழு மரம் என்று சொல்லித்தான் விற்றார்கள், நாதத்தைக் கேட்டால் நம்பலாம்.

வேடிக்கை என்னவென்றால் உலகத்தின் உசந்த கிட்டார்கள் பலவற்றுக்கு முதுகும் விலாவும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான். பிரேசில் தன் மரத்தை வெளியே அனுப்புவதை நிறுத்தியதும் மார்ட்டின் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. ஈட்டி மரத்தைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். மரம் இங்கே, கிட்டார் அங்கே. நமக்கு பிளைவுட்.

30 செப்டம்பர்

தந்தி துருப்பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடற்கரை ஊரா? இங்கே உப்பளக் காற்றுக்கு எனக்கு ஆறு வாரம்தான் தாங்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியிலிருந்து துடைக்கவும். மாற்றும்போது 11இல் ஆரம்பிக்கும் செட்டாகக் கேளுங்கள், 12 வேண்டாம் (அந்த எண் மெல்லிய தந்தியின் தடிமன்). விரலுக்கு லேசு, சத்தம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

28 டிசம்பர்

இங்கே வெள்ளம் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். 17ஆம் தேதி பிடித்த மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு, வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல். அம்மாவை மாடிக்கு ஏற்றினோம், சிலிண்டரை ஏற்றினோம், அரிசியை ஏற்றினோம். கட்டிலுக்கு அடியில் கிட்டார் இருந்தது நாலாவது நாள்தான் நினைவுக்கு வந்தது.

நீர் வடிந்த பிறகு பையைத் திறந்தேன். முதுகுப் பலகை கையோடு வந்துவிட்டது. மேல்பலகை பிரிட்ஜ் பக்கத்தில் ஊறிப் பிளந்து நின்றது, பக்கோடா பொட்டலம் மாதிரி. மேல் தாள், நடுத் தாள், அடித் தாள். மூன்று அடுக்கு. நடுவில் இருப்பது பெட்டி அடிக்கும் மரம்போல் வெளுப்பாக இருக்கிறது. இருபத்தாறு வருடமாக முழு மரம் என்று சொல்லித் திரிந்தேனே, பிளைவுட். ஆகஸ்ட் குறிப்பில் நாதத்தைக் கேட்டால் நம்பலாம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். பெயின்ட் அடித்த விளிம்பென்றால் துளைக்குள் விரலை விட்டு அடிப்பக்கம் தடவிப் பாருங்கள், அல்லது லாமினேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சேடிலுக்கு அடியில் டிக்கெட் இருந்த இடத்தில் கொஞ்சம் கூழ் இருந்தது.

6 ஜனவரி 2024

விசாரித்த எல்லாருக்கும் நன்றி, வீட்டில் அனைவரும் நலம். அக்கா மகளின் கிட்டார் திருநெல்வேலியில் மாடி வீட்டில் இருந்ததால் தப்பியது.

உங்கள் மகள் மூன்று மாதமாக எஃப் பிடிக்க முடியாமல் அழுகிறாள் என்கிறீர்கள். கார்டைப் போட்டுப் பார்த்தீர்களா? இந்த மழைக்காலத்தில் மரம் உப்பியிருக்கும், வாங்கியபோது மூன்று போன இடத்தில் இப்போது நாலு போகலாம். போனால் கடையில் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். அதுவரை மேலே உள்ள தடித்த இரண்டு தந்தியை விட்டுவிட்டு, கீழ் நாலில் மட்டும் சின்ன எஃப் பிடிக்கட்டும். பாட்டுக்கு அதுவே போதும்.